கரையில் மாங்க் சீல் படுத்திருந்தால்: ஹவாயின் புதிய தன்னார்வலர்களுக்கு

ஹவாய் மாங்க் சீல்கள் என்ற கடல்நாய்கள் உலகத்தில் மொத்தமே சுமார் 1,600தான் இருக்கின்றன, அதில் மக்கள் வாழும் முக்கியத் தீவுகளில் ஏறக்குறைய 400, மற்றதெல்லாம் வடமேற்கே உள்ள ஒதுக்குப்புறமான சிறு தீவுகளில். எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, எங்கே போகிறது, குட்டி போட்டதா, காயம் ஆறியதா என்று குறித்துவைக்கிறார்கள். அந்தக் குறிப்புகளில் பெரும்பங்கு கரையில் நிற்கும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

முதலில் தூரம். சீலிடமிருந்து குறைந்தது 50 அடி, தாயும் குட்டியும் என்றால் 150 அடி தள்ளி நில்லுங்கள். சீல் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதென்றால் இன்னும் பின்னால் போங்கள். மணலில் கட்டை மாதிரி அசையாமல் கிடப்பது அதன் வழக்கமான தூக்கம், அதைச் செத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றவோ கடலுக்குள் தள்ளவோ ஓடிவருபவர்கள் எப்போதும் இருப்பார்கள், அவர்களிடம் பொறுமையாகப் பேசித் தடுப்பது உங்கள் வேலையில் பாதி.

அடையாளம் காண முதலில் பின்துடுப்புகளைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வில் எழுத்தும் எண்ணும் போட்ட பிளாஸ்டிக் அடையாளத் துண்டு (டேக்) குத்தியிருப்பார்கள், முக்கியத் தீவுகளில் பெரும்பாலும் சிவப்பு. 2017இல் வைகிகி பக்கத்துக் கைமானா கடற்கரையில் குட்டி போட்டுப் பெரும் கூட்டத்தையே கூட்டிய ராக்கி என்ற சீலின் டேக் ஆர்எச்58. பைனாகுலரிலோ ஜூம் கேமராவிலோ படியுங்கள், ஓர் எழுத்து தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். தயவுசெய்து ஊகித்து எழுதாதீர்கள், தப்பான ஓர் எழுத்து இன்னொரு சீலின் வரலாற்றையே கெடுத்துவிடும்.

டேக் தேய்ந்தோ அறுந்தோ போயிருக்கலாம். அப்போது உடலில் வெளுத்த எழுத்தோ எண்ணோ இருக்கிறதா என்று தேடுங்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் தலைமுடியை வெளுக்கும் மருந்தால் போடும் குறி அது, சீல் ரோமம் உதிர்க்கும் வரைதான் இருக்கும். அதுவும் இல்லையென்றால் தழும்புகள்தான் கைகொடுக்கும், எனக்கு இவற்றின் மேல்தான் நம்பிக்கை அதிகம்: சுறா கடித்த பெரிய வடு, சதையை வட்டமாகக் கடித்தெடுக்கும் குக்கிகட்டர் என்ற சிறு சுறா விட்டுப்போன தழும்பு, வலை இறுக்கிய கழுத்துத் தடம். இரண்டு பக்கமும், முகமும், வயிறும் படம் எடுங்கள். இடது வலது என்பது சீலின் இடது வலது. அது மல்லாந்து படுத்திருக்கும்போது இது எளிதாக மாறிப்போகும், எழுதும் முன் ஒரு தடவை சரிபாருங்கள். ஆணா பெண்ணா என்பது வயிறு தெரிந்தால்தான் உறுதி, அது புரளும் வரை காத்திருங்கள், புரளாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதினால் போதும்.

நேரம், இடம், உடல்நிலை மூன்றும் கட்டாயம் வேண்டும். தோலும் ரோமமும் தாள் தாளாக உரிந்து பார்க்கவே பரிதாபமாக இருந்தால் பயப்பட வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை நடப்பதுதான். ரோமத்தில் பச்சை படிந்திருந்தால் அது பாசி. ஆனால் வாயில் தூண்டில் முள் தெரிந்தாலோ, வலை சுற்றியிருந்தாலோ நீங்களே கழற்றப் போகாதீர்கள், படம் எடுத்துவிட்டு உடனே நோவா (அமெரிக்க அரசின் கடல், வளிமண்டலத் துறை) அமைப்பின் உதவி எண் 888-256-9840க்குச் சொல்லுங்கள். நாய்களைக் கட்டிவைக்கச் சொல்லும்போது குரலை உயர்த்தாதீர்கள். யாராவது சீலைத் தொட்டால், அடித்தால், நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம், சீலைத் துன்புறுத்துவது 2010 முதல் ஹவாய்ச் சட்டப்படி கடுங்குற்றம், அதே எண்ணில் புகார் செய்யுங்கள்.

அப்புறம் குட்டி. தாய் ஐந்து முதல் ஏழு வாரம் சாப்பிடாமல் பால் கொடுத்துவிட்டு, ஒருநாள் விட்டுப் போய்விடும். தனியாகக் கிடக்கும் குட்டியைக் கைவிடப்பட்டது என்று எண்ணி யாரும் மீன் போடவோ அதனுடன் நீந்தவோ விடாதீர்கள், மனிதருடன் பழகிய சீல் வளர்ந்ததும் நீந்துபவர்களைத் தேடிவரும், கடைசியில் அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிவரும். அந்தக் குட்டிக்குப் பால் மறந்த பிறகுதான் டேக் போடுவார்கள், அதனால் அடுத்த சில மாதங்கள் அது எந்தக் கரையில் ஏறினாலும், நேற்று அனுப்பியதுதானே என்று விடாமல் மறுபடியும் குறித்து அனுப்புங்கள்.