பழைய டியூப் டிவியில் டிஜிட்டல் படம்: கடலோர வீடுகளுக்கான வழிமுறை

கேபிள் டிவியை டிஜிட்டலுக்கு மாற்றும் திட்டம் நாடு முழுவதும் 4 கட்டங்களாக நடந்தது. அதன் கடைசிக் கட்டத்துக்கான கெடு 2017 மார்ச் 31. தூர்தர்ஷனும் தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பு நிலையங்களில் சிலவற்றைத் தவிர மற்றவற்றை 2022-க்குள் நிறுத்திவிட்டது. இருந்தும் கடலூரைச் சுற்றியுள்ள ஊர்களில், பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில், நல்ல நிலையிலுள்ள டியூப் டிவி துணி போர்த்திய மேனிக்குக் கிடப்பதை இன்றும் பார்க்கிறேன். புது டிவி வாங்கும் முன், அதையே டிஜிட்டலுக்கு மாற்றிப் பாருங்கள்.

தேவை ஒரு செட்டாப் பாக்ஸ். கேபிளும் டிடிஎச்சும் மாதச் சந்தா கேட்கும். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பாக்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் ஒருமுறை செலவழித்தால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் தமிழ்த் தொடர்களும் திரைப்படங்களும் விரும்பும் வீடானால், ஃப்ரீ டிஷ்ஷின் சேனல் பட்டியலைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அனலாக் காலத்தில் ஒரே ஒயரைப் பிரித்து இரண்டு அறைகளில் வெவ்வேறு சேனல்களைப் பார்த்தோம். இப்போது அதற்கு இரண்டு பாக்ஸ் வேண்டும்.

பாக்ஸிலிருந்து டிவிக்கு மூன்று பின் கொண்ட ஏவி ஒயர் போகும்: மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டிவியில் ஒலிக்கு ஒரே துளை இருந்தால் வெள்ளையைச் செருகுங்கள். பிறகு டிவி ரிமோட்டில் ஏவி என்பதை அழுத்த வேண்டும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ பாக்ஸின் அமைப்பில் ‘பால்’ (PAL) என்ற பட வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் திரை அளவை 4:3 ஆக்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஒயரில்தான். தேவனாம்பட்டினத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் அத்தை வீட்டில், பாக்ஸை இரண்டு முறை மாற்றியும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுகொண்டே இருந்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் டேப் சுற்றியிருந்த பழைய ஜாயிண்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த வலைக்கம்பி தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதே ஒயரில் அனலாக் படம் பல வருடம் ஓடியது. சிக்னல் குறைந்தால் அனலாக்கில் படம் புள்ளி புள்ளியாக மங்குமே தவிர நிற்காது. டிஜிட்டலிலோ ஓரளவு வரை துல்லியமாக இருந்து, அதற்குக் கீழே போனதும் சட்டென உறைந்துவிடும். ஆகவே உப்புக்காற்று படும் வீடுகளில் பாக்ஸ் மாற்றும் அன்றே பழைய ஒயரை முழுவதும் எடுத்துவிட்டு, ஆர்ஜி-6 வகை ஒயரை ஜாயிண்ட் இல்லாமல் ஒரே நீளமாக இழுக்கச் சொல்லுங்கள். செலவு சற்றுக் கூடினாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கனெக்டர் போடும்போது வலைக்கம்பியின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. ஒயர் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு வெளியே அதைச் சற்றுத் தொங்கலாக வளைத்துவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஃப்ரீ டிஷ் வைப்பவர்கள் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கித் தட்டைத் திருப்ப வேண்டும். அது கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே நிற்பதால், கடலூரிலிருந்து பார்க்கையில் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கடல் பக்கம் பெரும்பாலும் திறந்திருக்கும். பக்கத்துத் தென்னை மட்டை குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். திரையில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என இரண்டு பட்டைகள் தெரியும். தட்டு தவறான திசையில் இருந்தாலும் வலிமைப் பட்டை நிறைந்து காட்டக்கூடும். எனவே தரப் பட்டையைப் பார்த்தே தட்டை அங்குல அங்குலமாக நகர்த்தி, அது உச்சத்தைத் தொடும் இடத்தில் போல்ட்டை இறுக்குங்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை அனுபவித்த நமக்குக் காற்றின் வேகத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. டிஷ்ஷின் காலைக் கைப்பிடிச் சுவரில் மாட்டாமல், கான்கிரீட் தளத்தில் துளையிட்டு போல்ட் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் துரு ஏறிய போல்ட்டுகளை மாற்றுங்கள். கனமழையில் டிஷ் சிக்னல் சிறிது நேரம் போவது இயல்பு, மழை விட்டதும் திரும்பிவிடும். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே பாக்ஸின் மின் பிளக்கை மட்டுமல்லாமல், பின்னால் திருகியிருக்கும் டிஷ் ஒயரையும் கழற்றிவிட வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு ஒருமுறை கழற்றியே காட்டிவிட்டு வாருங்கள்.