லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம்: யூரோஸ்டாரில் முதல் முறை போகிறவர்களுக்கு

லண்டனிலிருந்து பாரிஸுக்கு விமானம் பறக்கும் நேரம் ஒரு மணி சொச்சம்தான். யூரோஸ்டார் ரயிலுக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குமேல் ஆகும். ஆனாலும் யார் கேட்டாலும் நான் ரயிலைத்தான் சொல்வேன். ஹீத்ரோவுக்குப் போய்ச் சேரும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், பாரிஸ் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், விமானத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ரயில் நடு ஊரில் ஏற்றி நடு ஊரில் இறக்கிவிடுகிறது.

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் வந்திருக்கும் அப்பா அம்மாக்களும், லண்டனிலேயே பல வருடம் இருந்தும் இன்னும் இந்த ரயிலில் ஏறாதவர்களும் தயங்குவது நாட்டு எல்லையை நினைத்துத்தான். அந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம். லண்டனிலிருந்து கிளம்பினாலும் சரி, லண்டனுக்குத் திரும்பினாலும் சரி, பாஸ்போர்ட் சோதனை ரயில் ஏறுவதற்கு முன்பே, ஏறுகிற ஸ்டேஷனிலேயே முடிந்துவிடும். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஊர்களுக்கு நடுவே வழக்கமாக அந்தச் சோதனையே கிடையாது. எந்த ரயிலுக்கு எவ்வளவு முன்னால் போகவேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

லண்டனிலிருந்து பாரிஸ், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், பிறகு நேராக லண்டன் என்று ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு பிரிட்டன் விசா போதாது, ஷெங்கன் விசா (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தனியாக வேண்டும். பிரான்ஸ், நெதர்லாந்து இரண்டுக்கும் ஒரே விசாதான். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்கவேண்டும். இரண்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாடு, அதாவது பிரான்ஸ். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போவது ஷெங்கனுக்கு உள்ளேயே நடக்கிற பயணம் என்பதால், இந்தச் சுற்றுக்கு ஒரு முறை நுழையும் விசாவே போதும். ஆனால் திரும்பி வரும் நாளில் உங்கள் பிரிட்டன் விசா செல்லுபடியாக இருக்கவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

லண்டனில் வசிப்பவர்களுக்கு: பழைய பிளாஸ்டிக் அட்டைகள் போய் இப்போது எல்லாம் ஈ-விசா, அதாவது இணையத்தில் இருக்கும் விசாப் பதிவு. புதுப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதன் எண்ணை உங்கள் ஈ-விசா கணக்கில் சேர்த்துவிட்டீர்களா என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட் கொடுத்து பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும்.

படி 2: டிக்கெட்

விலை நாளுக்கு நாள் மாறும். பல மாதம் முன்பே விற்பனை தொடங்கிவிடும், குறைந்த விலை சீட்டுகள்தான் முதலில் தீரும். பள்ளி விடுமுறை, வெள்ளி மாலை, ஞாயிறு மாலை ஆகியவை எப்போதும் விலை கூடுதல். செவ்வாய், புதன் நடுப்பகலில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நம்மவர்களுக்கு மாட்டுகிற இடம் பெயர். இணையதளம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். இனிஷியலை மட்டும் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கும் பெயர் எப்படியோ, எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம்.

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். பத்து மணிக்குக் கிளம்பி ஒன்று இருபதுக்குச் சேரும் என்று இருந்தால் பயணம் 2 மணி 20 நிமிடம்தான்.

படி 3: மூட்டை முடிச்சு

லண்டன் ரயில்களில் சாதாரண வகுப்புக்கு 85 சென்டிமீட்டர் நீளம் வரை இரண்டு சூட்கேஸ், ஒரு சின்னக் கைப்பை. எடை பார்க்கமாட்டார்கள். ஆனால் தூக்கி ஏற்றுவது நீங்கள்தான், போர்ட்டர் கிடையாது. தண்ணீர் பாட்டில், ஷாம்பூ எல்லாம் தாராளமாக எடுத்துப் போகலாம். விமானத்தில் உள்ள 100 மில்லி கணக்கு இங்கே இல்லை. சமையல் கத்தி மட்டும் வேண்டாம், பெரிய சூட்கேஸுக்குள் வைத்தாலும் ஆகாது.

சாப்பாடு விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பாரிஸில் இருக்கும் சொந்தக்காரருக்கு என்று இறைச்சிக் கறியோ, நெய், தயிர், பால்கோவாவோ கொண்டுபோகக் கூடாது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. புளிசாதம், முறுக்கு, எண்ணெயில் செய்த மிக்சர் இவற்றால் தொந்தரவு இல்லை.

படி 4: ஏறும் நாள்

ஏறுமிடம் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷன். பாதாள ரயிலில் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ் என்று இறங்கவேண்டும். ஹாரோவிலிருந்து மெட்ரோபொலிடன் லைன், ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன், டூட்டிங்கிலிருந்து பேங்க் வழியாகப் போகும் நார்தர்ன் லைன், ஹீத்ரோவிலிருந்து பிக்கடில்லி லைன். நாலும் மாறாமல் நேராக வரும்.

டிக்கெட்டில் எத்தனை மணிக்குள் உள்ளே வரவேண்டும் என்று போட்டிருக்கும். அதற்கு மேலும் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். கேட்டை மூடிவிட்டால் ரயில் கண்ணெதிரே நின்றாலும் விடமாட்டார்கள். முதலில் டிக்கெட்டின் கியூஆர் கோடை கேட்டில் காட்டவேண்டும். அப்புறம் பைகள் ஸ்கேனருக்குள் போகும். அடுத்து பிரெஞ்சு எல்லைப் போலீஸ். லண்டன் மண்ணில் நின்றபடியே பிரான்ஸுக்குள் நுழையும் அனுமதியை வாங்கிவிடுகிறீர்கள். 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய புது முறைப்படி முகத்தைப் படமெடுத்து, விரல்ரேகையும் பார்க்கிறார்கள். முதல் முறை பதிவு செய்பவர்களுக்கு நேரம் கூடுதலாகும். ஹோட்டல் புக்கிங், திரும்பும் டிக்கெட் இரண்டையும் போனில் தயாராக வைத்திருங்கள், கேட்டால் உடனே காட்டலாம்.

பிளாட்பார எண் திரையில் வந்ததும் எல்லாரும் ஒரேயடியாக எழுவார்கள். அவசரம் வேண்டாம், உங்கள் சீட்டு உங்களுக்குத்தான். ஆனால் கோச் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது ரயில்களில் 16 கோச், நீளம் 400 மீட்டர். ஒன்றாவது கோச்சுக்கும் பதினாறாவதுக்கும் நடை கொஞ்சநஞ்சம் இல்லை. பெரிய சூட்கேஸ் வைக்க கோச்சின் இரு கோடியிலும் ரேக் இருக்கிறது, ஏறினதும் வைத்துவிடுங்கள்.

சுரங்கத்தில் கடல் தெரியும் என்று குழந்தைகள் காத்திருப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 50 கிலோமீட்டர் சுரங்கம், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். 20 நிமிடம் ஜன்னலில் இருட்டு மட்டும்தான். பார்க்கவேண்டியது அதற்குப் பிறகு வருகிறது. பிரான்ஸில் வெளியே வந்ததும் ரயில் 300 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்கும். பாதி வழியில் ஏ1 நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடிவரும். அங்கே 130-ல் பறக்கிற கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவிப் போவதைப் பார்த்தால்தான் உட்கார்ந்திருக்கிற ரயிலின் வேகம் உறைக்கும். எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்த இடமே அதுதான்.

படி 5: கார் து நோர்

பாரிஸில் இறங்கும் ஸ்டேஷன் கார் து நோர். மறுபடி பாஸ்போர்ட் வரிசை இல்லை, இறங்கி நடக்கவேண்டியதுதான். ஜேப்படிக்காரர்கள் அதிகம் என்பதால் போனைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். வாசலில் டாக்சி வேண்டுமா என்று வந்து கேட்பவர்களை விட்டுவிட்டு, பலகை போட்ட டாக்சி வரிசைக்குப் போங்கள்.

பசித்தால் வடக்கே ஃபோபூர் சான் தெனி தெருவில் நடங்கள். சில நிமிடத்தில் லா ஷப்பல் வந்துவிடும். கடைப் பலகைகள் தமிழில் இருக்கும், கொத்து ரொட்டி கிடைக்கும். பக்கத்தில் பாஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். ஆவணித் தேர் சமயத்தில் போனால் அந்த வட்டாரமே திருவிழாவாக இருக்கும்.

இங்கிருந்து வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனைச் சரிபார்க்கவேண்டும். பிராங்பர்ட் ரயில் கார் து லெஸ்ட்டில் கிளம்பும், பத்து நிமிட நடை. சூரிச், பார்சிலோனா, மிலான் ரயில்களுக்கு கார் து லியோன் போகவேண்டும், ஆர்ஈஆர் என்ற பாரிஸ் நகர ரயிலின் டி லைனில் இரண்டாவது நிறுத்தம்.

படி 6: சிவப்பு ரயில்

பாரிஸ் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை சிவப்பு யூரோஸ்டார். முன்பு தாலிஸ் என்று ஓடியது, 2023-ல் பெயர் மாறியது. மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அரை மணி முன்னால் போனால் போதும். சோதனை இல்லை என்று பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிடாதீர்கள், வழியில் போலீஸ் ஏறிக் கேட்பது உண்டு. சீட் முன்பதிவு கட்டாயம். நடுவில் பிரஸ்ஸல்ஸில் இறங்கிச் சுற்ற ஆசைப்பட்டால் டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். பிரஸ்ஸல்ஸில் பல ஸ்டேஷன், இந்த ரயில் நிற்பது மிதி (Midi) என்ற ஸ்டேஷனில்.

படி 7: லண்டன் திரும்புதல்

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ராலிலிருந்து நேர் ரயில், ஏறக்குறைய நாலு மணி நேரம். மறுபடி முன்கூட்டியே போகவேண்டும். நெதர்லாந்து அதிகாரி வெளியேறுவதைப் பதிவார், அதை அடுத்து பிரிட்டன் அதிகாரி நுழைவைப் பார்ப்பார். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்று பெரியவர்களிடம் கேட்கலாம். பிள்ளையின் லண்டன் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ரயில் தாமதமானால்

ஐரோப்பிய யூனியன் விதிப்படி, ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரம் தாண்டினால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். புயல், வெள்ளம் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். டிக்கெட்டை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் ரயில் நிறுவனத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள். வவுச்சர்தான் தருவோம் என்றால் பணமாக வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.