முதல் பாராநார்மல் ரொமான்ஸ் நாவல்: எதை எடுப்பது, எப்படிப் படிப்பது

அமானுஷ்யம் கலந்த காதல் கதைதான் பாராநார்மல் ரொமான்ஸ். ஆனால் கதையில் வாம்பயரோ (ரத்தம் குடிக்கும் பிசாசு) ஓநாய் மனிதனோ வந்து காதலித்துவிட்டால் மட்டும் போதாது. அந்த அமானுஷ்யமே காதலைத் தூண்ட வேண்டும், அதுவே குறுக்கேயும் நிற்க வேண்டும். நாயகனை வாம்பயருக்குப் பதில் பணக்கார முதலாளியாக மாற்றினாலும் கதை அப்படியே ஓடும் என்றால், முதல் முறை படிப்பவருக்கு அந்தப் புத்தகம் வேண்டாம். பின்னட்டைக் குறிப்பைப் படிக்கும்போதே இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

ஷார்லெய்ன் ஹாரிஸ் 2001-இல் எழுதிய 'டெட் அன்டில் டார்க்' நல்ல உதாரணம். லூசியானாவின் சின்ன ஊர் ஒன்றில் மதுக்கடைப் பணிப்பெண் சூக்கி. சுற்றியிருப்பவர்கள் மனதில் நினைப்பதெல்லாம் அவள் காதில் விழும். அப்படியிருக்க எந்த ஆணோடு அவள் நிம்மதியாகப் பழகுவது? கடைக்கு வரும் வாம்பயர் பில்லின் மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. அந்த அமைதிக்காகவே அவன் பக்கம் சாய்கிறாள். சூக்கியே கதை சொல்வதால் ஆங்கிலமும் பேச்சுநடையில் எளிதாக இருக்கும். ஆங்கில நாவல் அதிகம் பழகாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் ஒன்று: இது 13 நாவல்கள் கொண்ட தொடரின் முதல் புத்தகம். தொடர் அர்பன் ஃபேன்டசி, அதாவது இன்றைய உலகில் நடக்கும் மாயக்கதை, பக்கம் சாய்ந்தது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அர்பன் ஃபேன்டசியில் ஒரே நாயகி பல புத்தகங்களுக்கு வருவாள். கொலையோ வழக்கோ முன்னால் நிற்கும், காதல் மெதுவாக நகரும், ஜோடி மாறவும் கூடும். பாராநார்மல் ரொமான்ஸில் பெரும்பாலும் புத்தகத்துக்கு ஒரு ஜோடி. கடைசிப் பக்கத்துக்குள் அவர்கள் சேர்ந்தாக வேண்டும். அடுத்த புத்தகத்தில் வேறு ஜோடி. அட்டையிலேயே ஓரளவு தெரியும்: அணைத்து நிற்கும் ஜோடி இருந்தால் ரொமான்ஸ், கையில் ஆயுதத்தோடு தனியாக ஒரு பெண் நின்றால் பெரும்பாலும் மற்றது.

முழு ரொமான்ஸே வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் தேர்வு, நளினி சிங்கின் 'ஸ்லேவ் டு சென்சேஷன்' (2006). மனோசக்தி கொண்ட 'சை' என்ற இனத்தாருக்கு உணர்ச்சியே கூடாது என்று சிறுவயதிலிருந்து பயிற்சி. அதில் பிசகினால் மனத்தையே அழித்துவிடுவார்கள். தனக்குள் உணர்ச்சி பொங்குவதை சாஷா மறைத்து வாழ்கிறாள். லூகாஸ் சிறுத்தையாக உருமாறுபவன். அவன் கூட்டத்தில் தொட்டுப் பேசுவது அன்றாட வழக்கம். அவன் சாதாரணமாகத் தோளைத் தொட்டாலே அவள் உயிருக்கு ஆபத்து. காதலும் ஆபத்தும் ஒரே இடத்தில் பிறப்பதால்தான் இந்த நாவல் இவ்வளவு அழகாக நிற்கிறது.

இதில் தடுமாற வைப்பது முதல் சில அத்தியாயங்கள். சை, சேஞ்ச்லிங், சைநெட், சைலன்ஸ் என்று புதுப் பெயர்கள் அடுத்தடுத்து வரும். பலர் இங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் தேடாதீர்கள், இனி வரப்போகும் கதை முழுக்க வெளிப்பட்டுவிடும். ஒரு துண்டுச்சீட்டில் நான்கே விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: யார், எந்த இனம், என்ன சக்தி, எது செய்தால் ஆபத்து. 50 பக்கம் தாண்டும்போது அந்தச் சீட்டு தேவைப்படாது. அப்போதும் அந்த இருவர் மேல் அக்கறை வரவில்லை என்றால் தயங்காமல் வேறு புத்தகத்துக்குப் போகலாம்.

வாங்குமுன் கிண்டிலில் இலவச மாதிரியைப் படியுங்கள். அதோடு, தொடரில் எத்தனையாவது என்று பாருங்கள். 1 என்று இருப்பதை எடுங்கள். 0.5, 1.5 என்பதுபோல் இருப்பவை பெரும்பாலும் இடைச்செருகல் குறுநாவல்கள்; பாத்திரங்கள் பழகிய பிறகுதான் அவை ருசிக்கும்.

படுக்கையறைக் காட்சி எந்த அளவுக்கு இருக்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 'ட்வைலைட்' (2005) பதின்வயதினருக்கானது, அதில் வெளிப்படையாக ஒன்றும் இல்லை. நளினி சிங்கில் விரிவாகவே உண்டு. அதே 2005-இல் வந்த ஜே. ஆர். வார்டின் 'டார்க் லவர்' இன்னும் முரட்டுத்தனம்: வன்முறை, கெட்ட வார்த்தை, முன்பக்கத்தில் தனிச் சொற்பட்டியல் வேறு. அதை மூன்றாவது நான்காவது புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். விமர்சனங்களில் 'குளோஸ்டு டோர்' என்று இருந்தால் அறைக்கதவு மூடிவிடும், 'ஓபன் டோர்' என்றால் மூடாது.

'இவள்தான் எனக்கு விதிக்கப்பட்டவள்' என்று மோப்பத்திலேயே கண்டுபிடிக்கும் நாயகன் இந்த வகையில் அடிக்கடி வருவான். நல்ல எழுத்தாளர் அந்த விதியை வைத்துக்கொண்டே அவளுக்கு மறுக்கவும் இடம் தருவார். அவள் வேண்டாம் என்றபோது அவன் விலகி நிற்கிறானா என்று பாருங்கள். நிற்காமல், கதையும் அதைக் காதல் என்றே கொண்டாடினால், அந்தப் புத்தகத்தை நாங்கள் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

சாஷா கதை பிடித்திருந்தால் அடுத்தது 'விஷன்ஸ் ஆஃப் ஹீட்' (2007): எதிர்காலம் தெரியும் ஃபெய்த், ஜாகுவாராக மாறும் வான். ஜோடி புதிது என்பதற்காக வரிசையை மாற்றிப் படிக்க வேண்டாம். சை இனத்து அரசியல் புத்தகத்துக்குப் புத்தகம் தொடர்ந்து நகர்கிறது.