கணினியில் இருப்பதைக் கூடத்துத் தொலைக்காட்சியில் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளறைக் கணினியில் படம் இருக்கிறது, கூடத்தில் பெரிய தொலைக்காட்சி இருக்கிறது, இரண்டையும் இணைக்க வைஃபையும் இருக்கிறது. இருந்தும், படம் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் திரையின் நடுவே வட்டம் சுழல ஆரம்பித்துவிடுகிறது. பழி உடனே இணைய இணைப்பின் மீதோ ரூட்டரின் மீதோ விழுகிறது. பெரும்பாலும் குற்றம் அங்கே இல்லை. எந்த வேலைக்கு எந்த வழி என்று யோசிக்காமல், கண்ணில் பட்ட முதல் பொத்தானை அழுத்தியதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கணினியின் திரையை அப்படியே காட்டுவது ஒரு வேலை. அதில் கோப்பாக இருக்கும் படத்தை ஓட்டுவது வேறொரு வேலை. அதில் ஓடும் விளையாட்டைக் கூடத்தில் அமர்ந்து ஆடுவது மூன்றாவது. விண்டோஸ் விசையையும் கே விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் மிராகாஸ்ட், 2012இல் வைஃபை அலையன்ஸ் கொண்டுவந்த முறை, முதல் வேலைக்கானது. அதைக் கொண்டு முழுநீளப் படம் பார்க்க முயல்வதே நான் அதிகம் காணும் தவறு. படக்கோப்பு ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒன்று. கணினி அதை விரித்துத் தன் திரையில் வரைகிறது. வரைந்த திரையை அந்தந்தக் கணமே மறுபடி சுருக்கி அனுப்புகிறது. தொலைக்காட்சி அதை இன்னொரு முறை விரிக்கிறது. அவசரத்தில் செய்யும் சுருக்கம் என்பதால் இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும், சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசியும், போதாக்குறைக்கு அலுவலக நண்பர் அனுப்பிய செய்தியும் படத்தின் மூலையில் எட்டிப் பார்க்கும். ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மீடியா சர்வர், அதாவது கணினியிலுள்ள படங்களைப் பிற கருவிகளுக்கு வழங்கும் மென்பொருள், ஒன்றைக் கணினியில் நிறுவி, அதற்குரிய செயலியைத் தொலைக்காட்சியில் திறந்தால், கோப்பு உள்ளபடியே பயணம் செய்யும். விரிக்கும் வேலை ஒரே ஒரு முறை, தொலைக்காட்சியிலேயே நடக்கும்.

குரோம் உலாவியிலும் இதே குழப்பம் உண்டு. யூடியூப் காணொளியின் மேல் இருக்கும் காஸ்ட் பொத்தானை அழுத்தினால் தொலைக்காட்சியே இணையத்திலிருந்து காணொளியை நேரடியாக எடுத்துக்கொள்ளும், கணினி வெறும் ரிமோட்டாக நிற்கும். உலாவியின் பட்டியலுக்குள் போய் மொத்த டேபையும் காஸ்ட் செய்தாலோ, கணினி முன்சொன்ன இரட்டை உழைப்பில் மாட்டிக்கொள்ளும். கட்டணத் தளங்களின் படங்கள் இப்படிக் காட்டும்போது கறுப்புத் திரையாக மட்டும் தெரிந்தால், அது பழுதன்று; நகல் பாதுகாப்பு தன் வேலையைச் செய்கிறது. அத்தளத்தின் செயலியைத் தொலைக்காட்சியிலேயே திறப்பதுதான் வழி.

அடுத்து, வேகக் கணக்கு. வீட்டுக் கணினியிலிருந்து வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போகும் படம் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை; ஆகவே இணையத் திட்டத்தை உயர்த்துவதால் இதில் ஒரு பயனும் கிடையாது. கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். இரண்டு மணி நேரப் படம் 8 ஜிபி என்றால், ஒரு பைட்டுக்கு 8 பிட் வீதம் 64,000 மெகாபிட். அதை 7,200 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 9 மெகாபிட்தான் வருகிறது. ஓரளவு நல்ல வைஃபைக்கு இது பெரிய சுமையன்று. அதே நீளமுள்ள 4கே வட்டின் முழு நகல் 60 ஜிபி இருந்தால், சராசரியே நொடிக்கு 67 மெகாபிட் ஆகிவிடும். மழையும் கூட்டமும் வெடிப்பும் நிறைந்த காட்சிகளில் அது 100ஐயும் தாண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. வயர் எப்போதும் வைஃபையைவிட மேல் என்று நம்பித் தொலைக்காட்சிக்கு லேன் கேபிள் இழுத்தவருக்கு, சரியாக அந்த வெடிப்புக் காட்சியில் படம் நிற்கும். ஏனென்றால் விலையுயர்ந்தவை உட்படப் பல தொலைக்காட்சிகளில் இருக்கும் லேன் துறை 100 மெகாபிட் வேகம் மட்டுமே கொண்டது. அத்தகைய பெரிய கோப்புகளுக்கு ரூட்டர் அருகில் இருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேலானது.

கேபிள் இழுக்க வேண்டிய இடம் கணினிப் பக்கம்தான், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணினி, தொலைக்காட்சி இரண்டும் ஒரே வைஃபை அலைவரிசையில் இருந்தால், ஒவ்வொரு துளித் தரவும் முதலில் கணினியிலிருந்து ரூட்டருக்கும், பிறகு ரூட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கும் என இரண்டு முறை காற்றில் பறக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டிய ஊடகம் அது என்பதால், கிடைக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. கணினியை மட்டும் ரூட்டருடன் வயரால் இணைத்தாலே பல வீடுகளில் சுழலும் வட்டம் மறைந்துவிடும். பழைய கேபிளில் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் இணைப்பு கிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். கணினியின் நெட்வொர்க் விவரங்களில் இணைப்பு வேகத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் படத்துக்கு நம்ப வேண்டாம்: ஒன்றின் மேல் ஒன்று படியாத சேனல்கள் அதில் 1, 6, 11 என மூன்றே, மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. ரூட்டரைத் தொலைக்காட்சியின் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் படம் திணறுகிறது என்றால், தேட வேண்டிய சொல் டிரான்ஸ்கோடிங். கோப்பில் இருக்கும் ஏதோ ஒன்று தொலைக்காட்சிக்குப் புரியவில்லை என்றால், கணினி அதைப் புரியும் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே அனுப்பும். அந்த ஏதோ ஒன்று எதுவென்பதில்தான் வேறுபாடு. டிடிஎஸ் ஒலி புரியவில்லை என்றால் ஒலியை மட்டும் மாற்றினால் போதும், கணினி அதைப் பொருட்படுத்தாது. படத்தின் கோடெக், அதாவது படத்தைச் சுருக்கிய முறை, புரியவில்லை என்றால் சுமை பல மடங்கு. ஹெச்இவிசி என்ற கோடெக் 2013இலும் ஏவி1 என்பது 2018இலும் வந்தவை, அவற்றுக்கு முந்தைய தொலைக்காட்சி அவற்றை அறிந்திருக்க வழியில்லை. யாரும் சந்தேகிக்காத குற்றவாளி சப்டைட்டில். படம் வழுவழுவென்று ஓடிக்கொண்டிருக்கும். யாரோ வசனம் புரியவில்லை என்று சப்டைட்டிலைப் போடுவார்கள். அடுத்த நொடி உள்ளறையில் கணினியின் விசிறி இரைய ஆரம்பிக்கும், படமும் நிற்கும். புளூரே வட்டுகளிலிருந்து வரும் சப்டைட்டில்கள் எழுத்துகளாக அல்ல, சிறுசிறு படங்களாகச் சேமிக்கப்பட்டவை. அவற்றைத் தனியே காட்டத் தெரியாத தொலைக்காட்சிக்காகக் கணினி ஒவ்வொரு பிரேமிலும் அவற்றைப் பதித்து, முழுப் படத்தையும் மறுபடி சுருக்குகிறது. வசனங்களை எழுத்துகளாகவே வைத்திருக்கும் எஸ்ஆர்டி வடிவில் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். தமிழ்ச் சப்டைட்டில் என்றால் கோப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்; பழைய எழுத்துரு முறைகளில் இருப்பவை திரையில் குப்பையாகத் தெரியும்.

ஊகிக்கவே தேவையில்லை. படம் ஓடும்போது ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தால், கோப்பு நேரடியாகப் போகிறதா, மாற்றப்பட்டுப் போகிறதா என்று அதுவே எழுதிக் காட்டும். ரூட்டரை மாற்றும் முன் அந்தப் பக்கத்தைப் பார்க்காதவர்கள்தாம் அதிகம். தொலைக்காட்சிச் செயலியின் தர அமைப்பையும் கவனிக்க வேண்டும். அது 720பி என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்தால், எல்லாம் பொருந்தும் கோப்பைக்கூடக் கணினி வீணாக மாற்றி அனுப்பும். அசல் தரம் என்பதைத் தேர்ந்தெடுப்பதே சரி.

கணினியைத் தொலைக்காட்சி கண்டுகொள்ளவே இல்லை என்பது வேறு வகைச் சிக்கல். ஒன்று விருந்தினருக்கான வைஃபையிலும் மற்றது முதன்மை வைஃபையிலும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. அந்தப் பிரிவினைக்காகவே விருந்தினர் வைஃபை உண்டானது. விண்டோஸில் வீட்டு நெட்வொர்க் பொது என்று குறிக்கப்பட்டிருந்தாலும், இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியே திருப்பும் விபிஎன் கணினியில் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே நிலை வரலாம். இங்கே பொறுமையிழந்து, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிடுவதுதான் பெருந்தவறு. நெட்வொர்க்கைப் பொது என்பதிலிருந்து தனிப்பட்டது (Private) என்று மாற்றி, அந்த ஒரு செயலியை மட்டும் அனுமதித்தால் போதும். கணினி தூங்கிப்போயிருந்தாலும் காணாமற்போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கேமரா மெல்லப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் விட்டுவிட்டு நகர்வது வேகக் குறைவால் அன்று. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. 60 என்பது 24ஆல் மீதியின்றி வகுபடாததால், ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுகிறது. கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் செயலி போன்றவற்றில் திரையின் புதுப்பிப்பு வீதத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் தடுமாற்றம் போய்விடும்.

விளையாட்டுக்கு அளவுகோலே வேறு. படம் சில நொடிகளை முன்கூட்டியே சேமித்துக்கொண்டு ஓடும்; விளையாட்டில் அந்தச் சலுகை இல்லை. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிநொடி. தொலைக்காட்சி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றுகிறேன் என்று இருந்தால், பொத்தானை அழுத்தியபின் வீரன் குதிப்பதற்குள் எதிரி அடித்துவிடுவான். இந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடைத் தொலைக்காட்சியில் இயக்காமல், கணினி விளையாட்டைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் ஸ்டீம் லிங்க் செயலியையோ மூன்லைட்டையோ குறைகூறுவதில் பயனில்லை.

கடைசியாக, பகிர்வின் எல்லை. வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பிற கருவிகளுடன் பகிரும் டிஎல்என்ஏ முறையில் பொதுவாகக் கடவுச்சொல்லே கிடையாது. வீட்டு வைஃபையில் இணைந்த எவரும் பகிர்ந்ததைப் பார்க்கலாம். எனவே முழு டிரைவையும் பகிராமல், படங்களுக்கென ஒரு கோப்புறையை ஒதுக்குவதே முறை. வெளியூரிலிருந்தும் பார்க்க ஆசைப்பட்டு ரூட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவைத்தால், அந்தச் சர்வரின் உள்நுழைவுப் பக்கம் உலகத்துக்கே தெரியும். அதற்குப் பதிலாக வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து பார்க்கலாம். கணினியும் தொலைக்காட்சியும் ஒரே அறையில் இருப்பவருக்கோ இவை எதுவுமே வேண்டாம், ஓர் எச்டிஎம்ஐ கேபிள் போதும்.