லினக்ஸில் மைக் பதிவாகவில்லையா? அடியிலிருந்து தேடுங்கள்

மைக் வேலை செய்யவில்லை என்றதும் பலரும் முதலில் திறப்பது வீடியோ அழைப்புச் செயலியின் செட்டிங்ஸை. அது கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம். குரல் முதலில் கெர்னல் டிரைவருக்கு வருகிறது. பிறகு லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ஆல்சா, அதன் மேல் ஒலியைச் செயலிகளுக்குப் பகிரும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ, அதன் பிறகுதான் செயலி.

டெர்மினலில் ‘ஏரெக்கார்ட்’ கட்டளையை (arecord -l) ஹைஃபனோடு சிறிய ‘எல்’ சேர்த்து ஓட்டினால், பதிவு செய்யக்கூடிய கார்டுகள் எண்ணோடு வரும். எதுவுமே வராவிட்டால் டிரைவர் ஏறவில்லை. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைத் தொட்டுப் பயனில்லை. அனலாக் சாதனம் மட்டும் வந்து, புதிய இன்டெல் மடிக்கணினியின் உள்மைக் காணவில்லையா? அந்த டிஜிட்டல் மைக் பெரும்பாலும் நேராக டிஎஸ்பி என்ற ஒலிச் செயலாக்கப் பகுதியோடு இணைந்திருக்கும். அதை இயக்கும் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் பொதியை நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள்.

கார்டு தெரிந்தால் டெர்மினலிலேயே ‘ஆல்சாமிக்சர்’ (alsamixer) திறந்து, எஃப்6-இல் கார்டைத் தேர்ந்து, எஃப்4 அழுத்திப் பதிவுத் திரைக்கு வாருங்கள். திறந்ததும் தெரிவது ஒலி வெளியீட்டுத் திரை. அதிலேயே மைக்கைத் தேடி ஏமாறுபவர்கள் நிறைய. ‘கேப்சர்’ பட்டையின் கீழ் சிவப்பு எழுத்து இல்லையென்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். மைக் ஒலியைக் கூடுதலாகப் பெருக்கும் மைக் பூஸ்ட் பெரும்பாலும் 0, 10, 20, 30 டெசிபல் என ஏறும். இரைச்சலும் கூடவே ஏறுவதால், முதலில் கேப்சரை உயர்த்துங்கள். போதாவிட்டால் மட்டும் பூஸ்ட் 10.

இப்போது ‘ஏரெக்கார்ட்’ கொண்டே 5 விநாடி பதிவு செய்யுங்கள். சாதனமாக ‘ப்ளக்ஹெச்டபிள்யூ’ (plughw) என்பதோடு கார்டு எண்ணைக் கொடுத்தால் பைப்வயரைத் தாண்டி நேரே பதிவாகும். ‘பிஸி’ என்று வந்தால் வேறு ஏதோ மைக்கைப் பிடித்திருக்கிறது, அதை மூடுங்கள். பதிவு தெளிவாக இருந்தால் டிரைவர் மீது குற்றமில்லை.

அடுத்தது ஒலிச் சாதனங்களை நிர்வகிக்கும் ‘பாவுகன்ட்ரோல்’ (pavucontrol). கான்ஃபிகரேஷன் தாவலில் வெளியீடு மட்டும் உள்ள புரொஃபைல் இருந்தால் உள்ளீடும் சேர்ந்த டூப்ளெக்ஸுக்கு மாற்றுங்கள். புளூடூத் ஹெட்செட், பாட்டு கேட்பதற்கான ஏ2டிபி புரொஃபைலில் மைக்கைத் தராது. அழைப்புக்கான ஹெச்எஃப்பிக்கு மாற்ற வேண்டும், பாட்டின் தரம் குறையும்.

கொஞ்சம் விசித்திரமான கோளாறு ஒன்று: ஸ்டீரியோ பதிவு நன்றாகக் கேட்கும், அழைப்பில் மட்டும் குரல் போகாது. சில மடிக்கணினி மைக்குகளில் வலது சேனல் தலைகீழ் ஃபேஸில், அதாவது ஒலி அலை கவிழ்ந்து வரும். மோனோவாகக் கலக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பாவுகன்ட்ரோலின் இன்புட் டிவைசஸ் தாவலில் சேனல் பூட்டை விடுவித்து, வலதைப் பூஜ்யமாக்கினால் குரல் வந்துவிடும்.

கடைசியாக, செயலி பதிவு செய்துகொண்டிருக்கும்போதே பாவுகன்ட்ரோலின் ரெக்கார்டிங் தாவலைப் பாருங்கள். அங்கே ‘மானிட்டர்’ என்று தொடங்கும் மூலம் தேர்வாகியிருந்தால் உங்கள் குரலுக்குப் பதில் கணினியின் சொந்த ஒலிதான் பதிவாகும். அதே வரியில் மைக்கைத் தேர்ந்துகொள்ளலாம்.