பாலியில் ‘பெரிய’: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகாராஜா, மகாகவி என்று பழகிய நமக்கு, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியின் ‘மஹா’ ஏற்கெனவே தெரிந்த சொல்லாகத் தோன்றும். வம்பே அங்கேதான் தொடங்குகிறது. அகராதியில் தேட வேண்டியது ‘மஹந்த்’. வேதமொழியிலிருந்து வந்தது, கிரேக்க ‘மெகாஸ்’, லத்தீன் ‘மாக்னுஸ்’ இரண்டும் இதற்கு உறவு. ‘மஹா’ அதன் எழுவாய் வடிவங்களில் ஒன்று, தொகைச்சொற்களில் முன்னொட்டாகவும் நிற்கும். அவ்வளவுதான்.

சமஸ்கிருதம் தெரிந்தவர்கள் ‘மஹான்’ என்று திருத்தப் பார்ப்பார்கள். வேண்டாம். பாலிச் சொல் நிக்கஹீதம் (‘ம்’ போன்ற மூக்கொலி, ṃ) தவிர வேறு மெய்யில் முடியாது.

சுத்தங்களில் (புத்தரின் உரைகளில்) ‘மஹதா பிக்குசங்கேன ஸத்திம்’ அடிக்கடி வரும்: ‘பெரிய பிக்கு சங்கத்தோடு’. இந்த ‘மஹதா’ பழைய பாணி மூன்றாம் வேற்றுமை. ‘மஹந்தேன’ என்ற எளிய வடிவமும் உண்டு. ஆறாம் வேற்றுமையில் ‘மஹதோ’, ‘மஹந்தஸ்ஸ’ ஆகியவையும் இப்படித்தான். இரண்டில் ஒன்றை ஏட்டுப் பிழை என்று ஒதுக்காதீர்கள்.

தமிழில் ‘பெரிய’ எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னும் மாறாது. அதனாலேயே பால் இயைபை மறந்துவிடுகிறோம். மகாபரிநிப்பான சுத்தத்தில் ஸமாதி (மன ஒருமை) ‘மஹப்பலோ’, பஞ்ஞா (மெய்யறிவு) ‘மஹப்பலா’. பொருள் ஒன்றே, ‘பெரும்பலன் தருவது’. முன்னது ஆண்பால், பின்னது பெண்பால்.

அந்த இரட்டைப் பகரம் எங்கிருந்து வந்தது? ‘மஹந்த்’தின் மற்றொரு வடிவமான ‘மஹத்’ என்பதன் தகரம் ‘பல’வின் (பலன்) முதல் மெய்யோடு கலந்ததால். ‘தன’ சேர்ந்தால் ‘மஹத்தன’. சரி, எல்லா இடத்திலும் இரட்டிக்கலாமா? கூடாது. செல்வரைப் பற்றிய வாய்பாடு ‘அட்டோ மஹத்தனோ மஹாபோகோ’ (‘செல்வர், பெரும் தனம் உடையவர், பெரும் போகம் உடையவர்’) என்று போகிறது. ஒரே மூச்சில் ஒன்று இரட்டிக்கிறது, அடுத்தது ‘மஹா’வாகவே நிற்கிறது. விதி தேடி அலைவதைவிட, தொகையோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது மேல். உயிரெழுத்து வந்தால் வேறு கதை: ‘இத்தி’ சேர்ந்தால் ‘மஹித்திக’, பெரும் சித்தி உடையவர்.

கடைசித் தவறு முழுக்க நம் எழுத்தால் வருவது. பெரும்பலன் தருவதும் ‘மஹப்பல’, பெரும்வலிமை உடையதும் ‘மஹப்பல’! பாலியில் அவை இருவேறு சொற்கள். அதனால் குறிப்பேட்டில் முதலாவதை ‘மஹப்ப²ல’ என்றும், இரண்டாவதை ‘மஹப்³ப³ல’ என்றும் எண்ணிட்டு எழுதுங்கள்; ² என்பது ‘ph’ ஒலியையும், ³ என்பது ‘b’ ஒலியையும் காட்டும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பொருள் தப்பாது.