நரைக்கு வழிவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைச்சாயத்தை இனி விட்டுவிடலாம் என்று நடுவயதில் முடிவெடுப்பவர்களில் பலர், மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ மனம் மாறி மீண்டும் சாயக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். தமக்கு நரை பொருந்தவில்லை என்று அவர்கள் சொல்லும் காரணத்தை நான் ஏற்பதில்லை. அதற்குள் அவர்கள் தம் நரையை முழுதாகப் பார்த்தே இருக்க முடியாது. கண்ணாடியில் அவர்கள் கண்டது, வகிட்டின் இருபுறமும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெளுத்துத் தெரியும் பட்டையையும், அதன் கீழே பழைய சாயம் மங்கிச் செம்பட்டையாகத் தொங்கும் முடியையும்தான். அந்தக் கோலம் எவருக்கும் பொருந்தாது. அதே கட்டத்தில் இரண்டு முறை பின்வாங்கி, 48ஆம் வயதில் மூன்றாம் முறையாக முயன்று முடித்தவள் என்பதால், வழியில் எங்கெல்லாம் சறுக்கும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் தவறு, கணக்குப் போடாமல் தொடங்குவது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வரை வளர்கிறது; ஆண்டுக்கு 12 முதல் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் முடி 30 செ.மீ. நீளம் என்றால், நீளத்தைக் குறைக்காமல் சாயம் முழுவதும் வெளியேற இரண்டு முதல் இரண்டரை ஆண்டு ஆகும். இடுப்பு வரை நீண்ட கூந்தலுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். எந்த எண்ணெயும் மாத்திரையும் இந்த வேகத்தைக் கண்ணுக்குத் தெரியும் அளவில் கூட்டிவிடாது. காலத்தைக் குறைக்க நம் கையில் இருக்கும் ஒரே வழி கத்தரிக்கோல்தான். நான் நீளத்தின் மேல் இருந்த ஆசையில் பத்து மாதங்கள் இரு நிற முடியோடு திரிந்து, பதினோராம் மாதம் தாடை அளவுக்கு வெட்டிக்கொண்டேன். தலையில் இருந்த சாயத்தில் பெரும்பகுதி ஒரே மணி நேரத்தில் தரையில் கிடந்தது. நீளம் முக்கியம் என்றால் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் காத்திருக்கப் போகும் மாதங்களை முதல் நாளே எண்ணிப் பார்த்துவிட்டு அந்த முடிவை எடுக்க வேண்டும்.

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றிலும் கொடியது. காத்திருக்கப் பொறுமை இல்லாமல், இருக்கும் கறுப்பையெல்லாம் ஒரே நாளில் வெளுத்துவிடச் சொல்லி அழகு நிலையத்தில் போய் உட்காருவதைச் சொல்கிறேன். நிரந்தரச் சாயம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இதில் உள்ள ஆபத்து விளங்கும். அமோனியா போன்ற காரப்பொருள் முடியின் மேற்செதில்களைத் திறந்துவிட, சிறிய மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை உள்ளேயே ஒன்றோடொன்று இணைத்துப் பெரிதாக்குவதால் அவை வெளியே வர முடியாமல் தங்கிவிடுகின்றன. அதன் மேல் வெளிர் நிறச் சாயத்தைப் பூசினால் அடியில் உள்ள கறுப்பு போகாது. அதை உடைத்து வெளுக்கப் பெரும்பாலும் பிளீச்தான் வேண்டியிருக்கும். அதுவும் கறுப்பு செம்பழுப்பாகி, ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெளிர்மஞ்சளான பிறகே வெள்ளைக்கு அருகில் வரும். இத்தனை படிகளையும் ஒரே அமர்வில் தாண்ட வைத்தால் முடியின் உள்கட்டமைப்பு தாங்காது. என் இரண்டாம் முயற்சியில் இப்படித்தான் நடந்தது. ஒரு நிலையத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, மறுநாள் தலை குளித்தபோது நனைந்த முடி விரலில் ரப்பர்போல் இழுபட்டு நடுவில் அறுந்தது. அறுந்ததை மறைக்கத்தான் மறுபடியும் கறுப்புச் சாயம் பூசினேன்.

எல்லைக்கோடு உறுத்துகிறது என்றால், முடியில் மெல்லிய இழைகளை மட்டும் பிரித்தெடுத்து, சில வாரங்கள் இடைவெளி விட்டுப் பல அமர்வுகளில் வெளுக்கச் சொல்லலாம். இழைகளுக்கு இடையில் கறுப்பு நிற்பதால், வளர்ந்து வரும் நரைக்கும் பழைய சாயத்துக்கும் இடையிலான கோடு கலைந்துவிடும். அப்படிச் செய்வதற்கு முன், கடந்த சில ஆண்டுகளில் தலையில் பூசிய எல்லாவற்றையும் முடி திருத்துநரிடம் சொல்லிவிடுங்கள். மருதாணியில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் முடியின் கெரட்டின் என்ற புரதத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்வதால் எளிதில் அகலாது. அவுரி பூசிய முடி பிளீச் பட்டால் பச்சையாகக்கூடும். மருதாணி என்ற பெயரில் விற்கும் சில பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருப்பதுண்டு. அவை பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடியை முறித்துவிடும். பின்புறத்தில் சில இழைகளை வெட்டியெடுத்து அவற்றில் சோதித்த பிறகே தலையில் கை வைக்க அனுமதியுங்கள். இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் நிலையத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக மட்டும் பூசிக்கொள்கிறேன் என்பது அடுத்த சறுக்கல். ஒருமுறை நிரந்தரச் சாயம் பட்டால் வெளியே வந்த நரை அத்தனையும் மறைந்து, மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஷாம்பு போலத் தேய்த்துக் கழுவும் கறுப்புச் சாயங்கள் மென்மையானவை என்று நம்பிவிடக் கூடாது. அவற்றில் பலவும் நிரந்தரச் சாயங்களில் இருக்கும் பிபிடி என்ற அதே வேதிப்பொருளை, அதாவது தலைச்சாய ஒவ்வாமைக்குப் பெயர்போன அந்தப் பொருளைக் கொண்டு வேலை செய்பவையே. அன்றைய தினத்துக்கு மறைத்தே ஆக வேண்டுமென்றால், அடுத்த குளியலில் போய்விடும் பொடியோ தெளிப்பானோ வகிட்டில் போட்டுக்கொள்ளலாம்.

பிறருடைய வெள்ளிமுடிப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தன் தலையில் அதைத் தேடுவதும் தவறே. சாம்பல் நிறத்தில் தனியாக ஓர் இழை பெரும்பாலும் கிடையாது. மயிர்க்காலில் மெலனின் என்ற நிறப்பொருளைத் தரும் செல்கள் தீர்ந்துபோன இடத்தில் வெள்ளையும், தீராத இடத்தில் கறுப்பும் முளைத்து, இரண்டும் கலந்து நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன. பலருக்குக் காதோரத்தில் முதலில் வெளுத்து, பிடரி கடைசி வரை கறுப்பாகவே நிற்கும். எனக்கு நெற்றியில் வெள்ளைக் கீற்று ஒன்று விழுந்திருப்பதும், பின்தலை இன்னும் பாதி கறுப்பாக இருப்பதும் சாயம் முழுவதும் போன பிறகுதான் தெரிய வந்தது.

நரை வெளிவந்த பிறகு பராமரிப்பில் செய்யும் தவறுகள் வேறு வகை. வயது ஏறும்போது, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, உச்சந்தலையின் எண்ணெய்ச் சுரப்பு குறைவதால் முடி வறண்டு முரடாகத் தோன்றும். பழைய கடுமையான ஷாம்பையே தொடர்ந்தால் அது இன்னும் விறைத்து நிற்கும். மஞ்சள் படிகிறது என்று ஊதா ஷாம்பை நாள்தோறும் தேய்ப்பவர்களும் உண்டு. ஊதா மஞ்சளை ஈடுசெய்யும் நிறம் என்பது உண்மைதான். ஆனால் வாரம் ஒரு முறைக்கு மேல் போனால் வெள்ளை இழைகளில் இளஊதா படிந்து, முடியும் மேலும் வறண்டுவிடலாம். வெயில், புகை, தண்ணீரில் கரைந்துள்ள இரும்பும் செம்பும், முடியை நேராக்கும் சூட்டுக் கருவி ஆகியவற்றில் எது மஞ்சளுக்குக் காரணம் என்று பார்த்து அதைக் குறைப்பதே சரியான வழி.

ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது பொய். பிடுங்கிய இடத்தில் அதே வெள்ளைதான் முளைக்கும். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் மயிர்க்கால் நலிந்து எதுவுமே முளைக்காமல் போகலாம்.

கறுப்பு திரும்பிவிடும் என்ற ஆசையில் மாத்திரை வாங்குவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2021இல் வெளியான கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, 14 பேரின் முடி இழைகளை ஆராய்ந்து, மனஅழுத்தம் குறைந்த காலத்தில் சில இழைகளில் நிறம் மீண்டதைக் காட்டியது. அது சில இழைகளைப் பற்றிய செய்தி. பல ஆண்டுகளாக வெளுத்த தலைக்கு அதில் வாக்குறுதி எதுவும் இல்லை. கூந்தலுக்கென்று விற்கும் மாத்திரைகளில் மிகுதியாக இருக்கும் பயோட்டின் என்ற வைட்டமின், தைராய்டு முதலிய சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பிறழக் காட்டக்கூடும் என்பதால், பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். நடுவயது நரைக்குப் பொதுவாக மருத்துவம் தேவையில்லை. ஆனால் குறுகிய காலத்தில் திடீரென்று வெளுத்தாலோ, வட்டவட்டமாக முடி உதிர்ந்தாலோ, தாளாத சோர்வு சேர்ந்திருந்தாலோ, வைட்டமின் பி12 குறைபாடும் தைராய்டு கோளாறும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது அவசியம்.

புதிய நிறத்துக்கு ஏற்றபடி உடைகளையும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தையும் உடனே மாற்ற நினைப்பது கடைசித் தவறு. ஆறாம் மாதத்தில் எனக்கு ஒவ்வாது என்று ஒதுக்கிவைத்த அடர்நீல உடைகள், சாயத்தின் கடைசி நுனி வெட்டப்பட்ட இருபதாம் மாதத்தில் முகத்துக்கு எடுப்பாக இருந்தன; அவற்றில் இரண்டை அதற்குள் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தேன். கறுப்பு நுனி முழுவதும் போய், ஒரே சன்னல் வெளிச்சத்தில் உங்கள் தலையைச் சில வாரங்கள் பார்த்துப் பழகும் வரை அலமாரியைத் தொடாதீர்கள்.